காவலனுக்கு ஊர் செய்த மரியாதை

திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்றொரு சிற்றூர் இருக்கிறது. பல்லவ மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், அவ்வூரில் நாட்டப்பெற்ற நடுகல் ஒன்று, கருந்தேவகத்தி என்பவன் எருமைகளைக் காக்கப் போராடி மடிந்தான் என்ற செய்தியை வட்டெழுத்தில் கூறிவிட்டு, அத்துடன் நில்லாமல், கோவிவன் என்னும் பெயருடைய நாய் இரண்டு கள்வரைக் கடித்துக் காவல் நின்ற விவரத்தையும் சேர்த்துப் பொறித்து வைத்திருக்கிறது. பெரும் போர்களைப் பாடும் மெய்க்கீர்த்திகளில் மன்னனுடைய வெற்றிகள் அடுக்கடுக்காக வருமே தவிர, அவ்வெற்றிகளுக்காக உயிர் துறந்த சிப்பாய்களுள் ஒருவனது பெயரையேனும் நாம் தேடிக் காண்பது அரிது. எருமை மந்தையொன்றின் பொருட்டு நடந்த இந்தச் சிறு பூசலிலோ, காவல் நின்ற நாயின் பெயர்கூடப் பதின்மூன்று நூற்றாண்டுகளைக் கடந்து நம் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. தன்னைக் காத்தவனை ஓர் ஊர் எவ்வாறு கௌரவித்தது என்பதை ஆராயப் புகுகிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் வேறு அகப்படாது.

எடுத்தனூர்க் கல் தனித்த ஒன்றன்று. செங்கம் வட்டாரத்தில் கண்டறியப்பட்ட நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் நூலாக வெளியிட்டபோது, ஆநிரை கவர வந்தவரோடு பொருது மாண்டவர்களின் பெயர்கள் வரிசையாக வெளிப்பட்டன. தொறு என்றால் ஆநிரை. ‘தொறு மீட்டுப் பட்டான்’ என்பது இக்கற்களில் திரும்பத் திரும்ப வரும் வாசகம். நிரை கவர்வதை வெட்சி என்றும், அதை மீட்பதைக் கரந்தை என்றும் வகுத்த இலக்கண மரபு, கல்லைக் காண்பது முதல் வாழ்த்துவது வரை நடுகல் எடுக்கும் சடங்கினை ஆறு படிகளாகவே பிரித்துக் காட்டுகிறது. 2006ஆம் ஆண்டில் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டெடுத்த தமிழிப் பொறிப்புள்ள நடுகற்களுள் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோளில், அதாவது ஆநிரை கவரும் பூசலில், இறந்தவனுக்கு எடுக்கப்பட்டது என்பதால், இவ்வழக்கம் கிறிஸ்து சகாப்தத்துக்கு முன்பே வேரூன்றியிருந்தது என்பதில் ஐயமில்லை. நடுகல் பெற்றவர்களுள் பெரும்பாலோர் பேரரசர்கள் அல்லர்; சிற்றரசர்களின் சேவகர்கள், ஊர்க் குடிகள், மாடு மேய்த்தவர்கள். வீரம் என்ற சொல்லைக் கேட்டவுடன் யானையையும் தேரையும் நினைத்துக்கொள்ளும் நம் பாடப்புத்தகப் பழக்கம், இவர்களை வீரர்களாகக் கண்டதைவிடக் காவலர்களாகக் காணத் தவறியதே அதிகம் என்பது என் அபிப்பிராயம். ஊரின் சொத்து மாடாக இருந்த காலத்தில், மாட்டுக்காக இறந்தவன் ஊர்க்காவலன்தான்.

ஆனால் கல்லை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் ஜீவிக்க முடியாது என்பதை அக்காலத்தவர் நன்கு அறிந்திருந்தார்கள். ஊருக்காகவோ தலைவனுக்காகவோ உயிர்விட்டவனுடைய சந்ததியாருக்கு நிலம் விடுவது வழக்கமாயிருந்தது. உதிரப்பட்டி என்றும் நெய்த்தோர்பட்டி என்றும் சாசனங்கள் அந்நிலத்தைக் குறிப்பிடுகின்றன. இரண்டு பெயர்களுக்கும் பொருள் ஒன்றே: இரத்தத்துக்கு ஈடாக விடப்பட்ட நிலம். கல் இறந்தவனுக்கு, நிலம் இருப்பவர்களுக்கு என்று மரியாதையை இரண்டாகப் பகுத்த அந்த நடைமுறை அறிவு, மலர்வளையத்தோடு கடமை முடிந்ததாக எண்ணும் பிற்காலத்தாருக்கு எளிதில் வாய்ப்பதில்லை.

செத்த பிறகு செய்யும் மரியாதை இவ்வாறிருக்க, உயிரோடு இரவுதோறும் ஊரைச் சுற்றி வந்தவனுக்கு ஊர் என்ன செய்தது என்பதே இதனினும் முக்கியமான கேள்வி. சோழர், பாண்டியர் காலத்துக் கல்வெட்டுகளில் வரும் வரி வகைகளுள் பாடிகாவல் என்பது ஒன்று. ஊரைக் காப்பதற்காகக் குடிகள் இறுத்த கடமை அது. விஜயநகர காலத்தில் தலையாரிக்கம் என்ற வரியும் காணப்படுகிறது. மைய அரசின் பிடி தளர்ந்த பிற்காலத்தில், தங்களைத் தாங்களே காத்துக்கொள்ள இயலாத ஊரார், பாடிகாவல் உரிமையை வலிமையுள்ள அரையர்களுக்கு எழுதிக் கொடுத்ததைப் புதுக்கோட்டைப் பகுதிக் கல்வெட்டுகளில் காண்கிறோம். இன்ன விளைச்சலுக்கு இவ்வளவு என்று காவலனுக்குரிய பங்கு அவற்றில் வரையறுக்கப்பட்டது. அந்த உடன்படிக்கையைக் கோயில் சுவரில் வெட்டி வைத்தது வெறும் ஆவணப் பாதுகாப்புக்காக மட்டுமன்று. தெய்வத்தின் முன்னிலையில் ஊரறியச் செய்துகொண்ட ஏற்பாட்டை எந்தத் தரப்பும் பின்னால் மறுக்கலாகாது என்பதற்காகவுமாகும்.

காவலனுக்குரிய ஊதியம் பெரும்பாலும் களத்திலேயே அளக்கப்பட்டது. கதிர் அடித்து, பொலி தூற்றி, நெல் குவிந்து கிடக்கையில், நிலக்காரன் தன் பங்கை வீட்டுக்கு வண்டியேற்றுவதற்கு முன்னதாகவே, தச்சன், கொல்லன், வண்ணான், நாவிதன், நீர்க்கட்டி ஆகியோருடைய சுதந்திரங்களோடு ஊர்க்காவலனான தலையாரியின் சுதந்திரமும் மரக்காலால் அளந்து ஒதுக்கப்பட்டது. (இங்கே சுதந்திரம் என்பது தொழிலுரிமையால் வரும் பங்கைக் குறிக்கும், பழைய தஞ்சைக் கணக்குகளைப் புரட்டியவர்கள் அறிவார்கள்.) அதற்கு மேல் மானியமாகச் சிறிது நிலமும் அவனுக்கு இருந்தது. அளக்கிறவன் யார், வாங்குகிறவன் யார் என்பது இருவருக்கும் தெரியும். சில மாதம் முன்பு நாற்றங்காலில் மாடு புகுந்த இரவில் தலையாரி எங்கே இருந்தான் என்பதும் களத்தில் நிற்கும் எல்லாருக்கும் தெரியும். அளவில் ஒரு கை கூடுவதும் குறைவதும் அந்த ஞாபகத்தைப் பொறுத்தது.

இவ்வேற்பாட்டின் உயிர்நிலை பங்கில் இல்லை, பொறுப்பில் இருந்தது. காவல் கூலி வாங்குகிறவன் தன் எல்லைக்குள் களவு போன பொருளைக் கண்டுபிடித்துத் தர வேண்டும். தர முடியாவிட்டால் அதன் பெறுமானத்தை ஈடு செய்ய வேண்டும். இந்த நியதி குக்கிராமத்துக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. கும்பினியார் சென்னைப் பட்டணத்தை அமைத்த ஆரம்ப நாட்களில், கோட்டைக்கு வெளியே கறுப்பர் பட்டணத்தின் காவலைப் பெத்தநாயக்கன் என்ற பதவிப் பெயருடைய காவல் தலைவனிடம் ஒப்படைத்து, அவனுக்கு நெல் வயல்களையும், பட்டணத்துக்குள் வரும் சில பண்டங்கள் மீது சிறு தீர்வையையும் விட்டுக்கொடுத்தபோது, திருட்டுப் போனால் நஷ்டத்தை அவனே ஈடுகட்ட வேண்டும் என்ற பழைய நாட்டு முறையையும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அவனுடைய பெயர் பெத்தநாயக்கன்பேட்டையாக இன்றும் நகரத்தில் நிலைத்திருக்கிறது. காவலனுக்குப் பட்டணம் செய்த மரியாதைகளுள் இதுவும் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம், அவ்வழியே போகிறவர்களுள் அதை நினைக்கிறவர் எவரும் இல்லை என்றாலும்.

பழையது என்ற காரணத்தால் இம்முறையைப் பொற்காலமாகச் சித்திரிக்க நான் முற்படவில்லை. காவல் வலிமையுள்ளவன் கையில் சென்று சேர்ந்ததும், காப்பதற்காக வாங்கிய கூலி, தாக்காமல் இருப்பதற்காக வாங்கும் கப்பமாக மாறியது. திசைகாவல் என்ற பெயரில் பாளையக்காரர்கள் தங்கள் எல்லைக்கு அப்பாற்பட்ட கிராமங்களிலும் வசூலித்த பணத்தைக் குறித்துக் கும்பினி அதிகாரிகள் பக்கம் பக்கமாகப் புகார் எழுதியிருக்கிறார்கள். அப்புகார்களில் அவர்களுடைய சுயநலம் கலந்திருந்தது என்பது மெய், ஆனால் குடிகளின் பெருமூச்சும் கலந்திருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. மதுரை, திண்டுக்கல் பக்கங்களில் களவு போன மாட்டை மீட்டுத் தரத் துப்புக்கூலி என்றொரு தொகை கொடுக்க வேண்டியிருந்தது. கூலி வாங்கிக்கொண்டு துப்புச் சொல்கிறவனுக்கும் மாட்டை ஓட்டிச் சென்றவனுக்கும் உள்ள தூரம் சில சமயங்களில் மிகக் குறைவு. 1896இல் அப்பகுதிக் குடியானவர்கள் பொதுவில் பணம் திரட்டி, பழைய காவல்காரர்களை விலக்கிவிட்டுச் சொந்தக் காவல் ஏற்படுத்திக்கொண்டதும், அதனால் மூண்ட மோதல்கள் பண்டுக் கலகம் என்று பெயர் பெற்றதும் இந்தக் கசப்பின் விளைவே.

அந்தக் கசப்பைத் தீர்ப்பதற்குச் சர்க்கார் கையாண்ட வழியோ நோயினும் கொடியதாயிற்று. தலைமுறைகளாகக் காவல் உரிமையைத் தொழிலாகக் கொண்டிருந்த ஒரு சமூகத்தாரின் உரிமையை மறுத்ததோடு நில்லாமல், 1911ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டு, குற்றம் செய்தவர், செய்யாதவர் என்ற பாகுபாடின்றி ஆண்களைப் பதிவு செய்து, இரவில் அவர்கள் தம் வீட்டில் படுத்துறங்கும் சுதந்திரத்தையும் பறித்தார்கள். கைரேகை பதிய மறுத்துத் திரண்ட பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3ஆம் தேதி போலீசார் சுட்டதில் ஒரு பெண் உட்படப் பலர் மாண்டார்கள். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் ஒழிந்தது 1947இல்தான். ஊரைக் காத்தவனே பிறவிக் கள்வன் என்று சட்டத்தின் ஏட்டில் எழுதப்பட்ட இந்த விபரீதத்துக்கு நிகரான அவமரியாதை நம் காவல் சரித்திரத்தில் வேறில்லை.

காவலனைச் சந்தேகிப்பது ஆட்சியாளருக்குப் புதிய பழக்கமன்று என்பதற்கு மதுரைவீரன் கதை சாட்சி. தாழ்த்தப்பட்ட குடியில் வளர்ந்து, மதுரைக்குக் கள்வர் தொல்லையை ஒழிக்க வந்து, அவ்வேலையை முடித்த பின், கள்வன் என்ற ஐயத்தின் பேரில் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன் என்று மக்கள் வழக்கு அவனைச் சொல்கிறது. கதையில் சரித்திரம் எவ்வளவு, கற்பனை எவ்வளவு என்று பிரிப்பது நம் நோக்கமன்று. அரண்மனை தண்டித்த ஒருவனை ஊர் தெய்வமாக்கியது என்பதும், மீனாட்சியம்மன் கோயில் கீழைக் கோபுரத்தருகே அவனுக்குச் சந்நிதி இருக்கிறது என்பதும், எண்ணற்ற கிராமங்களில் எல்லைக் காவலுக்கு அவனையே நிறுத்தியிருக்கிறார்கள் என்பதும் பிரத்தியட்சம். அரசன் கொடுத்த தீர்ப்புக்கு எதிராக ஊரார் கொடுத்த தீர்ப்பு என்றே அந்த வழிபாட்டை நான் கருதுகிறேன். நடுகல்லில் தொடங்கிய நன்றி, படையலாகவும் பொங்கலாகவும் ஆண்டுதோறும் தொடர்கிறது. ஆனால் ஒரு முரண்பாட்டை இங்கே சொல்லாமல் விடலாகாது: செத்துத் தெய்வமான காவலனுக்குப் பொங்கல் வைத்த அதே ஊர், உயிரோடிருந்த தலையாரியைத் திண்ணையில் உட்காரவிடவில்லை. அவன் பிறந்த சாதி அவன் கையிலிருந்த தடியைவிடக் கனமாக இருந்தது.

ஊர்க்காவலை மாற்றிய சட்டங்களின் கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 1802இல் கும்பினி ஏற்படுத்திய தாரோகா முறை ஊருக்குச் சம்பந்தமில்லாத அந்நியர்களைக் காவலுக்கு நிறுத்தித் தோல்வி கண்டது. தாமஸ் மன்றோவின் முயற்சியால் 1816ஆம் ஆண்டின் 11ஆம் ரெகுலேஷன், கிராமத் தலைவனைப் போலீஸ் அதிகாரம் உடைய முன்சீப்பாக்கி, தலையாரியை அவன்கீழ் வைத்தது. சிறு குற்றவாளிகளுள் கீழ்ச்சாதியார் எனப்பட்டோரைத் தொழுமரத்தில் மாட்டும் அதிகாரத்தையும் அதே சட்டம் முன்சீப்புக்கு வழங்கியது என்பதையும் உடன் நினைவிற் கொள்ள வேண்டும். 1859இல் மாகாணம் முழுவதற்கும் சம்பளப் போலீஸ் வந்தது. இனாம் கமிஷனின் நடவடிக்கைகளும், கிராம ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுக்க 1864இல் விதிக்கப்பட்ட கிராம வரியும், களத்து நெல்லுக்கும் மானிய நிலத்துக்கும் பதிலாக மாதச் சம்பளத்தைக் கொண்டுவந்தன.

மேலோட்டமாகப் பார்த்தால் இது முன்னேற்றமே. விளைச்சல் பொய்த்த ஆண்டிலும் தலையாரிக்கு ஏதோ சில ரூபாய் உறுதியாயிற்று. ஆனால் கொடுக்கிற கை மாறியதும் பார்க்கிற கண்ணும் மாறிவிட்டது. மரக்காலைப் பிடித்திருந்த ஊராருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தவன், இப்போது தாசில்தாருக்குப் பதில் சொன்னால் போதும். களவு போனதற்கு ஈடு என்ற நிபந்தனை மறைந்தது. அதற்குப் பதிலாக, புதியவர்கள் ஊருக்குள் வந்தால் தெரிவிப்பது, கிஸ்திப் பணம் தாலுகா கஜானாவுக்குப் போகையில் துணைக்கு நடப்பது, அகால மரணம் நேர்ந்தால் போலீசார் வந்து பிரேத விசாரணை செய்யும் வரை பிணத்துக்கருகே இராப்பகலாக உட்கார்ந்திருப்பது என்று சர்க்கார் வேலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. ஊரின் காவலன் கச்சேரியின் ஏவலாளாக ஆன விதம் இதுவே. காவலனுக்குச் செய்யும் மரியாதை, காக்கப்பட்டவனிடமிருந்து நேராக, காவலனுடைய பொறுப்போடு பிணைந்து வரும்போதுதான் இரு தரப்பையும் கட்டுப்படுத்துகிறது. நடுவில் ஒரு கஜானா புகுந்துவிட்டால், கொடுத்தவனுக்குத் தான் கொடுத்தது மறந்துபோகிறது, வாங்கினவனுக்கு யாரிடம் வாங்கினோம் என்பது மறந்துபோகிறது.

சுதந்திரத்துக்குப் பின் இந்தக் குறையைத் தன்னார்வத் தொண்டால் நிரப்ப எடுத்த முயற்சிகள் உண்டு. 1963ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த ஊர்க்காவல் படையில், தையற்காரரும் கடைக்காரரும் ஆசிரியரும் தங்கள் வேலை போக எஞ்சிய நேரத்தில் காக்கி அணிந்து, தேர்த் திருவிழாவில் வடக்கயிற்றுக்கருகே கூட்டத்தை விலக்குவதையும், தேர்தல் நாளில் வாக்குச்சாவடி வாசலில் நிற்பதையும் நாம் பார்க்கிறோம். அவர்கள் பெறுவது பணிக்குச் சென்ற நாளுக்குரிய படியே தவிர மாதச் சம்பளமன்று. 1993இல் இராமநாதபுரம் மாவட்டத்தில் தோன்றிய காவல் நண்பர்கள் குழு, போலீசுக்கும் குடிமக்களுக்கும் இடையே பாலமாக இருக்கும் நோக்கத்தோடு மாநிலமெங்கும் பரவியது. 2020 ஜூன் மாதம் சாத்தான்குளத்தில் போலீஸ் காவலில் தாக்கப்பட்ட தந்தையும் மகனும் இறந்த கொடுமையையொட்டி இக்குழுவினர் மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. குழுவின் பொறுப்பாளர்கள் அதை மறுத்தபோதிலும், அடுத்த மாதமே அரசாங்கம் அதற்குத் தடை விதித்தது. தொண்டு செய்ய வந்தவன் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதைத் தெளிவாக வகுக்காமல் அவனை ஸ்டேஷனுக்குள் விட்டால் என்ன நேரும் என்பதற்கு வேறு உதாரணம் தேடவேண்டியதில்லை.

பரம்பரை முன்சீப்பும் கணக்குப்பிள்ளையும் 1980 நவம்பரில் பிறந்த அவசரச் சட்டத்தால் மறைந்தார்கள். அவர்கள் இடத்துக்குக் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். தலையாரி மட்டும் கிராம உதவியாளர் என்ற புதுப்பெயரோடு எஞ்சினார். ஊரில் இன்றும் அவரைத் தலையாரி என்றே அழைக்கிறார்கள். ஆற்று மணல் அள்ளும் லாரியை நள்ளிரவில் மறிக்க வருவாய்த் துறையார் கிளம்பும்போது வழி காட்ட முன்னால் நடப்பவரும் அவரே. அந்த வேலையின் அபாயம் இலேசானதன்று. 2023 ஏப்ரலில், தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில், மணல் கொள்ளையைப் பற்றிப் புகார் கொடுத்த கிராம நிர்வாக அலுவலர் ஒருவர் பட்டப்பகலில் தமது அலுவலகத்துக்குள்ளேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் குடும்பத்துக்கு ஒரு கோடி ரூபாய் நிவாரணமும், ஒருவருக்கு அரசு வேலையும் அறிவிக்கப்பட்டன. இக்காலத்து உதிரப்பட்டி என்று இதனைச் சொல்வதில் தவறில்லை. அரசாங்கம் தன் கடமையைச் செய்தது. ஆயினும், ஆற்றங்கரையில் ஊருக்குச் சொந்தமான மணலுக்காக இறந்தவருக்கு, அந்த ஆற்று நீரை உண்ணும் ஊர்கள் தாமாகச் செய்தது என்ன என்று கேட்டால் விடை சங்கடமானதாகவே இருக்கும். 1959 அக்டோபர் 21இல் லடாக் எல்லையில் உயிர்நீத்த பத்துப் போலீசாரின் நினைவாக ஆண்டுதோறும் வீரவணக்க நாள் நடைபெறுகிறது. கிராமக் காவலில் மாண்டவர்களுக்கென்று அப்படியொரு தினம் இல்லை.

பழைய பாடிகாவலின் எச்சத்தை நேரில் காண விரும்புகிறவர், கிராமத்துக்குப் போக வேண்டியதில்லை. நகரத்துத் தெருக்களிலேயே அது உயிரோடிருக்கிறது. நள்ளிரவு கடந்த பின் விசிலை ஊதிக்கொண்டு, தடியால் தரையையோ விளக்குக் கம்பத்தையோ தட்டியபடி ஒருவர் போகிறார். கூர்க்கா என்பதற்கு மேல் அவர் பெயர் தெருவில் யாருக்கும் தெரியாது. மாதப் பிறப்பில் அவர் வீடு வீடாக வந்து கதவருகே நின்று வணக்கம் சொல்லிக் கூலி கேட்கும்போது, சில வீடுகளில் பத்து ரூபாய், சில வீடுகளில் இருபது, சில வீடுகளில் ‘அடுத்த மாதம் பார்க்கலாம்’. நியமன உத்தரவும் இல்லை, களவுக்கு ஈடு என்ற நிபந்தனையும் இல்லை. இருந்தும், தான் காக்கும் வீட்டுக்காரரின் கையிலிருந்தே கூலி வாங்குகிறார் என்ற அளவில், புதுக்கோட்டைக் கல்வெட்டுகளின் அரையர்களுக்கு இன்றைய காவல் துறையைவிட நெருங்கிய வாரிசு அவர்தான். இரண்டு மாதம் விசில் சத்தம் கேட்காவிட்டால், கூலி கொடுக்காத வீட்டுக்காரர்தான் முதலில் ஏன் என்று விசாரிக்கிறார்.

தலையாரிகளாகிய கிராம உதவியாளர்களோ காலமுறை ஊதியம் கேட்டுப் பல ஆண்டுகளாக அரசாங்கத்திடம் கோரிக்கை வைத்து வருகிறார்கள். தாலுகா அலுவலக வாசலில் தர்ணா நடக்கிறது, மனு மாவட்டம் வழியாகச் சென்னைக்குப் போகிறது. கிராம சபை ஆண்டில் பல முறை கூடி, தெருவிளக்கு, குடிநீர், வரவு செலவு ஆகியவற்றைப் பரிசீலிக்கிறது. தம் தலையாரியின் வேலை எப்படி நடக்கிறது, அவருக்கு ஊர் கொடுக்க வேண்டியது என்ன, அவரிடம் கேட்க வேண்டியது என்ன என்ற விஷயத்தையும் அந்தச் சபையின் விவாதப் பொருளாக்குவதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.